பிறந்த வீடும் புகுந்த வீடும்: உருண்டை விண்மீன் கொத்துகளின் கதை

லட்சக்கணக்கான விண்மீன்களை ஈர்ப்பு விசை ஒன்றே பிணைத்து உருட்டி வைத்திருந்தால் அது உருண்டை விண்மீன் கொத்து. நடுவில் விண்மீன்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். விளிம்பை நோக்கிப் போகப் போகக் கலைந்து மெலியும். குறுக்களவு பொதுவாக நூறு ஒளியாண்டை ஒட்டியது. தமிழர்கள் அறுமீன் என்று எண்ணி வைத்த கார்த்திகையும் ஒரு விண்மீன் கொத்துதான், ஆனால் வேறு வகை. அது சுமார் 10 கோடி ஆண்டு வயதுள்ள, ஆயிரம் சொச்சம் விண்மீன்கள் கொண்ட தளர்ந்த கொத்து, காலப்போக்கில் கலைந்துவிடும். உருண்டைக் கொத்துகளுக்கோ வயது 1,200 கோடி ஆண்டுகளை ஒட்டி இருக்கிறது. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். ஒரு விண்மீன் மண்டலத்தில் முதலில் உருவானவற்றில் இன்றும் உருக்குலையாமல் எஞ்சியிருப்பவை இவை. அந்த மண்டலம் எப்படி வளர்ந்தது, யாரை விழுங்கியது என்பதற்கான சாட்சியம் இவற்றிடம்தான் இருக்கிறது.

இவற்றைப் பார்க்க பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் நல்ல இடம். இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகை அளவில் இருப்பதால் வட வானமும் தென் வானமும் ஏறக்குறைய முழுமையாகக் கிடைக்கின்றன. லண்டனிலும் பாரிசிலும் இருந்தவர்கள் வானத்தின் மிகப் பெரிய உருண்டைக் கொத்தைத் தங்கள் ஊரிலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை. ஒமேகா சென்டாரி என்ற அந்தக் கொத்தைக் குன்னத்திலோ செந்துறையிலோ வயல்வெளியில் நின்று வெறுங்கண்ணால் பார்க்கலாம்.

அதைக் கண்டுபிடிக்கும் வழியும் எளிது. சித்திரை மாதத்துக்குப் பெயர் தந்த சித்திரை விண்மீன் வானத்தில் தன் உச்சியை அடையும்போது, ஒமேகா சென்டாரி அதற்கு ஏறத்தாழ நேர் கீழே, தெற்குத் தொடுவானத்துக்கு மேல் சுமார் 31 பாகை உயரத்தில் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. தொடுவானத்திலிருந்து மூன்று முஷ்டி ஏறினால் போதும். சித்திரை முதல் நாள் நள்ளிரவு தாண்டிக் கால் மணி நேரத்தில் இரண்டும் தென் திசையில் நேர்க்கோட்டில் நிற்கும். வைகாசி நடுவில் அதே காட்சி இரவு ஒன்பது மணிக்கே கிடைக்கும். சித்திரா பௌர்ணமி மட்டும் ஆகாது. அன்று முழுநிலவு சித்திரை விண்மீன் பக்கத்திலேயே வந்து எல்லாவற்றையும் மங்கச் செய்துவிடும். அமாவாசையை ஒட்டிய இரவு வேண்டும். நகர விளக்குகளும் சிமென்ட் ஆலை விளக்குகளும் எட்டாத இடம் வேண்டும். பச்சைமலை அடிவாரம் அதற்குப் பொருத்தம். வெறுங்கண்ணுக்கு அது பஞ்சுத் துணுக்குபோல மங்கலாகத் தெரியும். பைனாகுலரில் வட்டமான ஒளித்திட்டாகும். ஓரளவு பெரிய தொலைநோக்கியில்தான் அந்தத் திட்டு மணல்மணலாக உதிர்ந்து விண்மீன்களாகும். இருட்டான வானத்தில் அது முழுநிலவின் அகலத்துக்கு விரிந்து தெரியும். அங்கே சுமார் ஒரு கோடி விண்மீன்கள் இருக்கின்றன. தூரம் சுமார் 17,000 ஒளியாண்டு.

கேட்டை விண்மீனுக்கு வெகு அருகில் எம் 4 என்ற கொத்து இருக்கிறது. சுமார் 6,000 ஒளியாண்டில் இருக்கும் அது நமக்கு மிக அருகிலுள்ள உருண்டைக் கொத்துகளில் ஒன்று. தனுசு ராசியில் எம் 22. ஆடி, ஆவணி இரவுகளில் தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். வட வானில் எம் 13. தூகானா 47 என்ற மற்றொரு பேரழகி மட்டும் இங்கே கஞ்சத்தனம் காட்டுகிறது. தெற்குத் தொடுவானத்துக்கு மேல் ஏழு பாகை அளவுக்குத்தான் அது ஏறும்; மாலையில் அது தெரியும் காலமும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமாக இருக்கிறது.

ஒமேகா சென்டாரி பழங்காலத்தில் ஒற்றை விண்மீனாகவே பட்டியலிடப்பட்டது. 1603-இல் யோகான் பாயர் தன் விண்மீன் வரைபடத்தில் அதற்கு ஒமேகா என்ற எழுத்தைச் சூட்டியது அதனால்தான். அது விண்மீன் அல்ல என்பதை எட்மண்ட் ஹாலி 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து கவனித்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, அரியலூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலுள்ள புதுச்சேரியில், ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதே சென்டாரஸ் பகுதியிலுள்ள ஆல்ஃபா சென்டாரி இரட்டை விண்மீன் என்று கண்டறிந்தார். சோழமண்டலக் கரையின் தென் வானம் அப்போதே வானியலுக்கு உதவியிருக்கிறது. உருண்டைக் கொத்துகளில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது எம் 22, ஆண்டு 1665. எம் 4 ஒளிமூட்டம் அல்ல, தனித்தனி விண்மீன்களால் ஆனது என்று 1764-இல் முதலில் பிரித்துப் பார்த்தவர், இந்த எம் வரிசைப் பட்டியலைத் தொகுத்த சார்ல் மெசியே. ‘உருண்டைக் கொத்து’ என்ற பொருள்படும் பெயரை 1789-இல் இட்டவர் வில்லியம் ஹெர்ஷல்.

ஒரு கொத்தின் வயதைக் கணிப்பது எப்படி? ஒரே கொத்தின் விண்மீன்கள் பெரும்பாலும் ஒரே காலத்தில் பிறந்தவை. எடை மிகுந்த விண்மீன் தன் எரிபொருளை வேகமாக எரித்துத் தீர்த்துவிடும்; எடை குறைந்தது சிக்கனமாக எரியும். சூரியனுக்கு ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. ஆகவே ஒரு கொத்தில் எந்த எடைக்கு மேற்பட்ட விண்மீன்கள் இல்லாமல் போயிருக்கின்றன என்று பார்த்தால் அதன் வயது தெரிந்துவிடும். உருண்டைக் கொத்துகளில் சூரியன் அளவு எடையுள்ளவையே முதுமை தாண்டிவிட்டன. மிஞ்சியிருப்பவை மெலிந்த விண்மீன்களும், ஊதிப் பெருத்த செம்பூதங்களும், அணைந்த தணல்களான வெண்குள்ளர்களும்தான். இன்னொரு சான்றும் இருக்கிறது. இரும்பு முதலான தனிமங்கள் முந்தைய தலைமுறை விண்மீன்களின் வயிற்றில் வெந்து உருவானவை. உருண்டைக் கொத்துகளில் அவை மிகக் குறைவு. சிலவற்றில் சூரியனில் இருப்பதில் நூறில் ஒரு பங்குதான். அவ்வளவு தொடக்கத்திலேயே இவை உருவாகிவிட்டன.

கொத்தின் நடுப்பகுதி நெரிசல் மிகுந்தது. சூரியனுக்கு அடுத்த விண்மீன் 4.2 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. நெருக்கமான கொத்தின் மையத்தில் அதே ஆரமுள்ள உருண்டைக்குள் ஆயிரக்கணக்கில் விண்மீன்கள் இருக்கும். அந்த நெரிசலில் விண்மீன்கள் உரசிப்போகின்றன, ஜோடி சேர்கின்றன, ஜோடி மாற்றிக்கொள்கின்றன, சில சமயம் மோதி ஒன்றாகின்றன. முதியோர் மட்டுமே இருக்க வேண்டிய கொத்தில் நீல நிறத்தில் இளமையோடு ஒளிரும் விண்மீன்கள் சில இருப்பதற்குக் காரணம் இதுதான்: இரண்டு விண்மீன்கள் ஒன்றானாலோ, ஒன்று மற்றொன்றின் பொருளை உறிஞ்சினாலோ புதிய எரிபொருளும் புதிய ஆயுளும் கிடைக்கின்றன. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கி இந்த ஆராய்ச்சிக்கென்றே வாய்த்ததுபோல் அமைந்தது. கொத்தை நிறைத்திருக்கும் செம்பூதங்கள் புற ஊதா ஒளியில் மறைந்துபோகும்; வெப்பமான விண்மீன்கள் மட்டும் தனித்துத் தெரியும். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அன்னபூரணி சுப்பிரமணியமும் அவர் குழுவினரும் என்.ஜி.சி. 1851, ஒமேகா சென்டாரி உள்ளிட்ட கொத்துகளை இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள்.

என்.ஜி.சி. 1851 இன்னொரு இந்தியக் கருவிக்கும் பெயர் வாங்கித் தந்தது. புனே அருகே கோடத்தில் 45 மீட்டர் அகலமுள்ள 30 தட்டுகள் கொண்ட ராட்சத ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அது 2004-இல் இந்தக் கொத்தில் ஒரு பல்சாரைக் கண்டுபிடித்தது. நொடிக்கு 200 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன் அது. மிக நீண்டு ஒடுங்கிய பாதையில் 18.8 நாளுக்கொரு முறை தன் துணையைச் சுற்றிவருகிறது. அமைதியான இடத்தில் பிறந்த ஜோடியின் பாதை இவ்வளவு கோணலாக இருக்காது. நெரிசலில் துணை மாறியதன் தடயமாகவே அது கருதப்படுகிறது.

உருண்டைக் கொத்துகள் பெரும்பாலும் நம் பால்வெளி மண்டலத்தின் வட்டத் தட்டோடு சேர்ந்து சுழல்வதில்லை. அவற்றில் பல, தேன்கூட்டைச் சுற்றும் தேனீக்கள்போல மேலும் கீழும் எல்லாத் திசைகளிலும் பால்வெளியின் மையத்தைச் சுற்றுகின்றன. இதை வைத்தே ஹார்லோ ஷேப்லி 1918-இல் மனிதனின் முகவரியை மாற்றி எழுதினார். அவர் கொத்துகளின் தூரத்தை அளந்தார். அவற்றிலுள்ள துடிக்கும் விண்மீன்கள் அளவுகோலாயின. வானமெங்கும் சமமாகப் பரவியிருக்க வேண்டிய கொத்துகள் தனுசு ராசிப் பக்கமே குவிந்து கிடந்தன. அவை சுற்றும் மையம் அங்கே இருக்கிறது, சூரியன் மையத்தில் இல்லை, ஓரமாக ஒதுங்கி இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அவர் சொன்ன தூரம், இன்று அறியப்படும் 26,000 ஒளியாண்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. ஆனால் திசையும் கருத்தும் சரி. ஆவணி மாத இரவில் பெரம்பலூரிலிருந்து தெற்கே பார்ப்பவரும் தனுசு, விருச்சிகப் பக்கம் பைனாகுலரை மெதுவாக நகர்த்தினாலே இந்தக் குவியலை உணரலாம். அடுத்தடுத்து மங்கலான பஞ்சு உருண்டைகள் வந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பஞ்சு உருண்டைகளில் ஒன்றான எம் 54, வானியலின் வியப்புகளில் ஒன்று. மெசியே 1778-இல் அதைக் கண்டு குறித்து வைத்தார். இருநூறு ஆண்டுக்கும் மேலாக அது பால்வெளியின் கொத்துகளில் ஒன்று என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1994-இல் தனுசு ராசித் திசையில் பால்வெளியின் மையத்துக்கு அப்பால் மறைந்திருந்த ஒரு குள்ள விண்மீன் மண்டலம் தெரியவந்தது. பால்வெளி அதை இழுத்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறது. எம் 54 அந்தக் குள்ள மண்டலத்தின் நடுவிலேயே இருக்கிறது. அதாவது, மெசியே தன்னையறியாமல் வேறொரு விண்மீன் மண்டலத்தின் கொத்தைப் பார்த்திருந்தார்.

அப்படியானால் மற்றக் கொத்துகளுக்கும் பிறந்த வீடு எது, புகுந்த வீடு எது என்ற கேள்வி எழுந்தது. ஐரோப்பாவின் கையா விண்கலம் விண்மீன்களின் நகர்வை முன்பில்லாத நுட்பத்தோடு அளந்த பிறகு விடை கிடைக்கத் தொடங்கியது. சுமார் 1,000 கோடி ஆண்டுக்கு முன் பால்வெளி மற்றொரு கணிசமான மண்டலத்தை விழுங்கியிருக்கிறது என்பது 2018-இல் தெரிந்தது. விழுங்கப்பட்ட மண்டலத்தின் விண்மீன்கள் கலைந்து பரவினாலும், அதன் உருண்டைக் கொத்துகள் கட்டிறுக்கம் காரணமாக முழுசாகவே வந்து சேர்ந்தன. வயது, தனிமங்களின் அளவு, பாதை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கொத்து எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிகிறது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வுக் கணக்கின்படி பால்வெளியின் 150-க்கும் மேற்பட்ட கொத்துகளில் சுமார் 40 விழுக்காடுதான் இங்கேயே பிறந்தவை. என்.ஜி.சி. 1851-ம் புகுந்து வந்ததாகவே கருதப்படுகிறது.

ஒமேகா சென்டாரி இன்னும் ஒரு படி மேலே. அதில் ஒரே தலைமுறை விண்மீன்கள் இல்லை. இரும்பின் அளவு விண்மீனுக்கு விண்மீன் வேறுபடுகிறது. பல தலைமுறை அங்கே குடியிருந்திருக்கிறது. ஆகவே அது கொத்தே அல்ல, விழுங்கப்பட்ட ஒரு மண்டலத்தின் தோலும் சதையும் போனபின் எஞ்சிய கொட்டை என்று பலர் கருதுகிறார்கள். மண்டலத்தின் மையம் என்றால் அங்கே கருந்துளை இருக்க வேண்டும். ஹபிள் தொலைநோக்கி இருபது ஆண்டுக் காலத்தில் எடுத்த 500-க்கும் மேற்பட்ட படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. கொத்தின் நடுவில் ஏழு விண்மீன்கள், கட்டுக்குள் நிற்க முடியாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடித்து வைத்திருக்கக் குறைந்தது 8,200 சூரிய எடையுள்ள கருந்துளை அங்கே வேண்டும். சித்திரைக்குக் கீழே தெரியும் அந்தப் பஞ்சுத் துணுக்கு, ஒரு விண்மீன் மண்டலத்தின் நினைவுச் சின்னமாக இருக்கக்கூடும்.

பால்வெளிக்கு வெளியே பார்த்தால் ஏற்றத்தாழ்வு பெரிது. ஃபார்னாக்ஸ் குள்ள மண்டலத்தில் ஐந்தாறு கொத்துகள்தான். ஆண்ட்ரோமெடாவில் சுமார் 500. கன்னி ராசித் திசையிலுள்ள எம் 87 என்ற பூதமண்டலத்தில் ஏறத்தாழ 12,000! 2019-இல் வெளியான முதல் கருந்துளைப் படம் இந்த மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையுடையதுதான். பங்குனி, சித்திரை இரவுகளில் எம் 87 பெரம்பலூரின் உச்சி வானத்தை ஒரே ஒரு பாகை வித்தியாசத்தில் கடந்து செல்கிறது. தலைக்கு நேர் மேலே பன்னிரண்டாயிரம் கொத்துகள். இன்னும் தொலைவில், கோமா என்ற மண்டலக் கூட்டத்தில் ஹபிள் படங்களைக் கொண்டு 22,000-க்கும் மேற்பட்ட கொத்துகள் 2018-இல் எண்ணப்பட்டன. அவற்றில் பல, தாய் மண்டலத்திலிருந்து பிடுங்கப்பட்டு மண்டலங்களுக்கு நடுவே அநாதையாகத் திரிகின்றன.

இந்த எண்ணிக்கை எதைப் பொறுத்தது? விண்மீன்களின் மொத்த ஒளியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இசைவதில்லை. சில மண்டலங்களில் ஒளிக்கு மிஞ்சிக் கொத்துகள் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளையும் சேர்த்து மண்டலத்தின் முழு எடையோடு ஒப்பிட்டால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. எல்லாக் கொத்துகளின் எடையையும் கூட்டினால், அது மண்டலத்தின் மொத்த எடையில் சுமார் 30,000-இல் ஒரு பங்கு. குள்ள மண்டலம் முதல் பூதமண்டலம் வரை இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. கொத்துகளை எண்ணினாலே கரும்பொருளை எடை போடலாம் என்றாகிறது. இத்தனை எளிய அளவீடு இத்தனை மறைவான ஒன்றைக் காட்டிக்கொடுப்பது இத்துறையின் அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று. இந்த விகிதம் ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு முழு விளக்கம் இன்னும் எட்டவில்லை. சிறு மண்டலங்கள் தங்கள் கரும்பொருளோடும் கொத்துகளோடும் சேர்ந்தே பெரியவற்றில் புகுந்ததால் விகிதம் காக்கப்பட்டது என்பது ஒரு விளக்கம்.

இந்தத் தூரங்களை உணர அரியலூர் மண்ணே நல்ல அளவுகோல். கங்கைகொண்ட சோழபுரத்தை ராஜேந்திர சோழன் எழுப்பிய காலத்தில், எம் 4-லிருந்து இன்று நம் கண்ணில் படும் ஒளி தன் பயணத்தில் ஆறில் ஐந்து பங்கை முடித்திருந்தது. எம் 87-இன் ஒளி கிளம்பி 5 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. சுமார் 6,000 கொத்துகள் கொண்ட என்.ஜி.சி. 1399 என்ற மண்டலத்தின் ஒளி 6.5 கோடி ஆண்டு பயணித்து வருகிறது. அது கிளம்பியது, சிமென்டுக்கு வெட்டும் அரியலூர்ச் சுண்ணாம்புப் படிவங்களை விட்டுச் சென்ற கிரிட்டேசியக் காலம் முடிந்த வேளையை ஒட்டி. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கும் மரம் அதற்கும் மூத்தது. சுமார் 12 கோடி ஆண்டு. கோமாக் கூட்டத்தின் ஒளியோ டைனோசர்கள் தோன்றும் முன்பே, 30 கோடி ஆண்டுக்கு முன் புறப்பட்டது. புதைந்த அம்மோனைட் ஓடுகளைக் கொண்டு இங்கே கடல் இருந்ததை நிலவியலாளர்கள் படித்தறிந்தார்கள். விண்மீன் மண்டலங்களுக்கு அந்த ஓடுகளின் வேலையைச் செய்பவை உருண்டைக் கொத்துகள்.

கொத்துகள் தாய் மண்டலத்துக்குள் எப்படி நகர்கின்றன என்ற கேள்விக்கு அடித்தளம் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். எடை மிகுந்த ஒன்று விண்மீன் கூட்டத்தினூடே ஓடும்போது, அதன் ஈர்ப்பால் விண்மீன்கள் அதற்குப் பின்னால் குவியும். அந்தக் குவியல் அதைப் பின்னோக்கி இழுத்து வேகத்தைக் குறைக்கும். 1943-இல் அவர் வகுத்த இந்த இயங்கு உராய்வின்படி, எடை மிகுந்த கொத்துகள் மெல்ல மெல்ல மண்டலத்தின் மையத்துக்குள் அமிழ்ந்துவிட வேண்டும். பல மண்டலங்களின் நடுவிலுள்ள விண்மீன் குவியல் இப்படிச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் ஃபார்னாக்ஸ் குள்ள மண்டலத்தின் கொத்துகள் 1,000 கோடி ஆண்டுக்கு மேலாகியும் அமிழாமல் சுற்றுகின்றன. அங்கே கரும்பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்ற விவாதத்துக்குச் சந்திரசேகரின் சூத்திரம்தான் இன்றும் தொடக்கப் புள்ளி.

உருண்டைக் கொத்து பிறக்கும் காட்சியை அண்மைக்காலம் வரை யாரும் கண்டதில்லை. மோதிக்கொள்ளும் ஆன்டெனா மண்டலங்களில், அழுத்தப்பட்ட வாயுவிலிருந்து எடை மிகுந்த இளம் கொத்துகள் உருவாவதை ஹபிள் காட்டியது. பழைய கொத்துகளும் இப்படித்தான் பிறந்திருக்கும் என்று ஊகிக்கப்பட்டது. 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, இடையிலுள்ள மண்டலக் கூட்டத்தின் ஈர்ப்பையே உருப்பெருக்கியாகக் கொண்டு, பெருவெடிப்புக்கு 46 கோடி ஆண்டு கழித்து இருந்த ஒரு குட்டி மண்டலத்தைப் பார்த்தது. அதில் ஐந்து கொத்துகள் கோத்த மணிகள்போல இருந்தன.

பிறந்தவை எல்லாம் நிலைப்பதில்லை. 1950-இல் கண்டறியப்பட்ட பாலமார் 5 என்ற கொத்து சித்திரை, வைகாசி இரவுகளில் இவ்விரு மாவட்டங்களின் உச்சி வானுக்குச் சற்றுத் தெற்கே கடக்கும். சிறு தொலைநோக்கிகளுக்கு அது தென்படாது. பால்வெளியின் ஈர்ப்பு அதன் விண்மீன்களை முன்னும் பின்னும் உருவி, வானில் இருபது பாகைக்கு மேல் நீளும் வாலாக இழுத்துவிட்டிருக்கிறது. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கருந்துளைகள் இருக்கலாம் என்று 2021-இல் வெளியான ஒரு கணினி ஆய்வு காட்டியது. விண்மீன்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோக, இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் கருந்துளைகள் மட்டுமே அங்கே எஞ்சும். பிறகு கொத்தும் கலையும்.